பிஆர்பி முதல் ஸ்டெம்செல் வரை: மூட்டு, எலும்பு, தசைநாண் காயத்துக்கு ஊசி போடுமுன் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முட்டி வலி என்று ஆர்த்தோ டாக்டரிடம் போனால், மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் இப்போது இன்னொரு வழியும் சொல்கிறார்கள். "உங்கள் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து முட்டியில் போடலாம்." "எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம்செல் எடுத்துப் போடலாம்." குதிகால் வலி, டென்னிஸ் எல்போ எனும் முழங்கை வலி, தோள்பட்டை வலி, சேராத எலும்பு முறிவு என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. சில இடங்களில் இது உண்மையிலேயே உதவுகிறது. சில இடங்களில் வெறும் உப்புத் தண்ணீர் ஊசிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் போகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருபவர்களையும், போடலாமா என்று கேட்டு வருபவர்களையும் அன்றாடம் பார்க்கிறேன். காயம் எது என்று சரியாகத் தெரிந்துகொண்டு, ஊசிக்குப் பிறகு அந்த இடத்துக்கு முறையாக வேலை கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் தேறுகிறார்கள். ஊசியின் விலை அதைத் தீர்மானித்து நான் பார்த்ததில்லை. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியையும் எழுதியிருக்கிறேன். இதை வைத்து நீங்களே முடிவெடுத்துவிட வேண்டாம். டாக்டரிடம் போகும்போது சரியான கேள்விகளோடு போகத்தான் இது.

ஊசிக்குள் இருப்பது என்ன

டெங்கு வந்தால் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று வீடே கேட்கும். அதே பிளேட்லெட்தான் பிஆர்பியின் சரக்கு. பிளேட்லெட் என்பது ரத்தத்தில் இருக்கும் தட்டணு. ரத்தத்தை உறைய வைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. காயம் பட்ட இடத்தில் அது உடைந்து, உள்ளே சேமித்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடுகிறது. அவை புதிய ரத்தக் குழாய்களையும், நார் செய்யும் செல்களையும் அங்கே கூப்பிடுகின்றன. இந்தத் தட்டணுக்களைச் செறிவாக்கி, காயத்தில் நேராகச் செலுத்துவதுதான் பிஆர்பி.

எலும்பு மஜ்ஜைச் செறிவு இன்னும் ஒரு படி மேல். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சி, அதைச் சுழற்றிப் பிரித்துப் போடுவார்கள். இதில் தட்டணுக்களோடு கொஞ்சம் ஸ்டெம்செல்களும், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்களும், இருக்கும். அந்தக் 'கொஞ்சம்' மிக மிகக் கொஞ்சம். மஜ்ஜையில் உள்ள செல்களில் பல்லாயிரத்தில் ஒன்றுதான் அப்படிப்பட்டது. ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கிய செல்கள் வேறு ரகம். அவை சட்டப்படி மருந்து, அனுமதி வேண்டும். கொழுப்பிலிருந்து எடுப்பது, தொப்புள்கொடியிலிருந்து எடுப்பது, எக்ஸோசோம் (செல்கள் வெளியே விடும் நுண்ணிய பைகள்) என்றெல்லாம் விளம்பரங்கள் வரும். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

படி 1: எந்தத் திசு, எந்த நிலை என்று எழுதி வாங்குங்கள்

"ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்ற ஒரு வரியோடு திரும்பி வராதீர்கள். முட்டிக்குள் எலும்புகளை இணைத்துக் கட்டும் முன் சிலுவை லிகமென்ட் இருக்கிறது, நடுவில் மெத்தை போன்ற மெனிஸ்கஸ் இருக்கிறது, எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் குணமாகும் விதம் வேறு வேறு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதனால்தான் அது தானாக வளர்வதில்லை. மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்தம் வரும், உள் ஓரத்துக்கு வராது. அதனால் கிழிசல் எந்த ஓரத்தில் என்பது முக்கியம். எலும்பு நேர்மாறு. சரியாக நிறுத்தி வைத்தால் தழும்பே இல்லாமல் பழைய எலும்பாகவே சேரும்.

மூட்டுத் தேய்மானம் என்றால் நிலை எண்ணைக் கேளுங்கள். கெல்க்ரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வகுத்த 0 முதல் 4 வரையான அளவுகோலைத்தான் இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் எடை ஏறாததால் மூட்டு இடைவெளி இருப்பதைவிட நன்றாகவே தெரியும். 4-ம் நிலை, அதாவது எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போய்விட்டால் எந்த ஊசியும் இடைவெளியைத் திரும்பக் கொண்டுவராது. இதை முகத்துக்கு நேராகச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில் பிரச்சினை என்றால் அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் போதும். எல்லாவற்றுக்கும் எம்ஆர்ஐ ஓட வேண்டியதில்லை. அப்புறம், எம்ஆர்ஐயில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டிய, வலியே இல்லாத பலரின் முட்டியிலும் மெனிஸ்கஸ் கிழிசல் தெரியும்.

ஒரு விதிவிலக்கு: இடுப்பு மூட்டில் தொடர்ந்து வலி, ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் எடுத்தவர் அல்லது மது அதிகம் குடிப்பவர் என்றால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும். தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகத் தொடங்குவது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்தத் தலை நொறுங்கி அமுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால்தான் துளையிட்டு அழுத்தம் குறைத்து, மஜ்ஜைச் செறிவு வைக்கும் சிகிச்சைக்கே அர்த்தம் உண்டு.

படி 2: உங்கள் காயத்துக்கு ஆதாரம் உண்டா என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் நிற்க வேண்டும்.

முட்டித் தேய்மானம். சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனத்தில் 78 பேரின் இரண்டு முட்டிகளிலும் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பிஆர்பி போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் போட்டவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. ஒரு ஊசியே இரண்டு ஊசி அளவுக்கு வேலை செய்தது. ஆனால் ஆறாம் மாதத்தில் பலன் கொஞ்சம் மங்கத் தொடங்கியது. அப்புறம் 2021-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரெஸ்டோர் ஆய்வு வந்தது. 288 பேர், 2 அல்லது 3-ம் நிலைத் தேய்மானம், வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். ஓராண்டு கழித்து, வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் பிஆர்பிக்கும் உப்புத் தண்ணீருக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்திலும் வலி கிட்டத்தட்ட இரண்டு புள்ளிகள் குறைந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். ஊசி போட்டுக்கொண்டோம் என்பதிலேயே இவ்வளவு நிவாரணம் வருகிறது. அந்த ஆய்வில் தட்டணுச் செறிவு குறைவு என்று பிஆர்பி பக்கம் நிற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது, படி 5-ல் அதற்கு வருகிறேன். வழிகாட்டு நெறிகளும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019 நெறியில் முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் அகாடமியோ 2021-ல் வலியைக் குறைக்கலாம் என்று, குறைந்த பலமுள்ள பரிந்துரையாக விட்டது.

என் கணிப்பு: 2, 3-ம் நிலையில், பயிற்சி செய்தும் வலி அடங்காதவர்கள் முயன்று பார்க்கலாம். சில மாத நிவாரணம் கிடைக்கலாம். குருத்தெலும்பு வளரும் என்ற நினைப்போடு போடாதீர்கள்.

டென்னிஸ் எல்போ. நெதர்லாந்தில் 100 பேரிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில் ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டைவிட பிஆர்பி நன்றாக நின்றது. இதை வைத்துத்தான் உலகம் முழுக்க இந்த ஊசி பரவியது. ஆனால் ஸ்டீராய்டு ஊசி போட்ட முழங்கை முதல் ஆறு வாரம் சுகமாக இருந்து, ஓராண்டில் ஊசியே போடாதவர்களைவிட மோசமாகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மோசமாக்கும் ஒன்றோடு ஒப்பிட்டு ஜெயிப்பது பெரிய ஜெயம் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2021-ல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முழங்கை வலிக்கு பிஆர்பியாலோ சொந்த ரத்த ஊசியாலோ நோயாளி உணரும் அளவுக்குப் பலன் அநேகமாக இல்லை என்று முடித்தது.

குதிகால் பின்பக்க அக்கிலிஸ் தசைநாண். இங்கே பதில் இன்னும் தெளிவு. 2010-ல் நெதர்லாந்தில் 54 பேர், 2021-ல் பிரிட்டனில் 240 பேர் என்று செய்த ஆய்வுகள் இரண்டிலும் பிஆர்பி பொய் ஊசியைத் தாண்டவில்லை. இதற்குக் காசு செலவழிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்தும் உள்ளங்கால் வலி வேறு. அதற்கு ஸ்டீராய்டைவிட பிஆர்பியின் பலன் நீண்ட நாள் நிற்பதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம்.

சேராத எலும்பு. இந்தத் துறையிலேயே உயிரியல் சிகிச்சை மிக உறுதியாக நிற்கும் இடம் எலும்புதான். அதன் வரலாறும் அழகானது. 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தாது உப்பு நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளே புது எலும்பு முளைத்தது. எலும்பை முளைக்க வைக்கும் புரதம் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பிஎம்பி-2 என்ற அந்த வகைப் புரதம் 2002-ல் அமெரிக்காவில் முதுகெலும்பு இணைப்புக்கும், 2004-ல் கீழ்க்கால் திறந்த முறிவுக்கும் அனுமதி பெற்றது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் அதைப் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வந்ததால் 2008-ல் எச்சரிக்கையும் வந்தது. இடம் மாறினால் அதே மருந்து ஆபத்தாகும்.

இன்னொரு நல்ல வேலை பிரான்ஸில் பிலிப் எர்னிகூ குழு செய்தது. சேராமல் நின்றுபோன 60 கீழ்க்கால் முறிவுகளில் செறிவாக்கிய மஜ்ஜையை ஊசி வழியாகச் செலுத்தினார்கள், 53 சேர்ந்தன. சேராத 7 பேருக்குப் போட்ட மஜ்ஜையில் ஸ்டெம்செல் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் முறிவு ஆடிக்கொண்டிருந்தாலோ உள்ளே சீழ் இருந்தாலோ மஜ்ஜை ஊசி பலிக்காது. முதலில் பிளேட் அல்லது ஆணி வைத்து நிறுத்த வேண்டும், சீழைத் தீர்க்க வேண்டும். பெரிய இடைவெளிக்கு இன்றும் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் சொந்த எலும்புதான் முதல் தேர்வு. பொதுவாக, முறிந்து 9 மாதம் ஆகியும், கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் 'சேரவில்லை' என்கிறார்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்துவதற்கு முன் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். சர்க்கரை அளவையும் வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுங்கள்.

குருத்தெலும்பில் ஒரு குழி. தேய்மானம் வேறு, இது வேறு. விளையாட்டில் அடிபட்ட இளைஞருக்கு ஒரே இடத்தில் காசு அளவுக்குப் பெயர்ந்திருக்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 1987-ல் முதல்முறையாக நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, குழிக்குள் திரும்ப வைத்தது. 1994-ல் 23 பேரின் முடிவு வெளியானது. இப்போது அந்த முறை மேலும் தேறியிருக்கிறது. இந்தியாவிலும் சொந்தக் குருத்தெலும்புச் செல், சொந்த எலும்புச் செல் தயாரிப்புகளுக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது. இரண்டு முறை ஆபரேஷன், பெரிய செலவு, நீண்ட ஓய்வு. ஆனாலும் சரியான ஆளுக்கு இது உண்மையான மறு உருவாக்கம்.

முன் சிலுவை லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தால் பிஆர்பி ஊசி அதை ஒட்ட வைக்காது. தோள்பட்டைத் தசைநாண் முழுதாகக் கிழிந்திருந்தாலும் அப்படித்தான்.

படி 3: ஸ்டெம்செல் என்ற சொல் வந்தால் நிறுத்தி விசாரியுங்கள்

ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 தேசிய வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கெனவே நிலைபெற்றவை தவிர, மற்ற ஸ்டெம்செல் பயன்பாடெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் பதிவு செய்த ஆய்வாக நடக்க வேண்டும். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பெங்களூரு நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு, பிறர் தானம் செய்த மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்கள், 2 மற்றும் 3-ம் நிலை முட்டித் தேய்மானத்துக்கு 2022-ல் மத்திய மருந்துத் தர அமைப்பின் அனுமதி பெற்றது. ஆகவே "எங்களிடம் ஸ்டெம்செல் இருக்கிறது" என்று சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அனுமதி பெற்ற தயாரிப்பா, பதிவு செய்த ஆய்வா, இரண்டும் இல்லையா? முதலாவது என்றால் குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் பில்லில் கேளுங்கள். இரண்டாவது என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். இரண்டும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலனும் விலைக்கு ஏற்றபடி இல்லை. 2023-ல் அமெரிக்காவில் 470-க்கும் மேற்பட்டவர்களிடம் மஜ்ஜைச் செறிவு, கொழுப்புச் செல், தொப்புள்கொடிச் செல் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. அனுமதியில்லாத தயாரிப்புகளில் கிருமி ஆபத்தும் உண்டு: 2018-ல் தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்பு ஊசியால் அமெரிக்காவில் 12 பேருக்குப் பாக்டீரியா தொற்று வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எக்ஸோசோம் ஊசிகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒன்றுக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை.

படி 4: பன்னிரண்டு வாரம் பயிற்சி முடித்த பிறகு முடிவெடுங்கள்

முட்டித் தேய்மானத்துக்குத் தொடை முன்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் முதல் சிகிச்சை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்க எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தரையில் சம்மணம் போடுவதும் குந்தி உட்காரும் கழிப்பறையும் முட்டியை முழுதாக மடக்கும். வலி அடங்கும்வரை நாற்காலிக்கும் மேற்கத்திய கழிப்பறைக்கும் மாறுங்கள்.

அக்கிலிஸ் வலிக்கு ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சியை இன்றும் அப்படியே சொல்லித்தருகிறேன். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் உடம்பை மேலே தூக்குங்கள். எடையை வலியுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறங்க விடுங்கள். மறுபடி நல்ல காலால் ஏறுங்கள். 15 முறை செய்தால் ஒரு சுற்று. முட்டியை நீட்டி 3 சுற்று, லேசாக மடக்கி 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் எண்ணிக்கையைக் குறையுங்கள். பெரும்பாலானவர்கள் நான்காவது வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள். தசைநாண் மாறத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான்.

படி 5: தட்டணுக் கணக்கை நீங்களே போடுங்கள்

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் வலி நிற்கிறது, ஆதாரம் ஓரளவு உள்ள காயம், பிஆர்பி போடலாம் என்று டாக்டரும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்?

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருப்பது இயல்பு. உங்களுக்கு 2 லட்சம் என்று கொள்வோம். ஒரு மில்லியில் ஆயிரம் மைக்ரோலிட்டர்; அப்படியானால் மில்லிக்கு 20 கோடி. 10 மில்லி எடுத்தால் மொத்தமே 200 கோடி. 30 மில்லி எடுத்தால் 600 கோடி, பிரிக்கும்போது கொஞ்சம் வீணாகும். 60 மில்லி எடுத்தால் 1,200 கோடி. முட்டிக்கு 8 மில்லியில் 1,000 கோடி தட்டணுக்கள் போட்டு ஓராண்டுப் பலனைக் காட்டிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பத்து மில்லி ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் எடுத்து எந்தக் கருவியில் சுழற்றினாலும் அந்த அளவு வராது. இல்லாத தட்டணுவைச் சுழற்றிக் கொண்டுவர முடியாது. பிஆர்பி என்று ஒரே பெயரில் பல சரக்குகள் விற்பதற்கும், ஆய்வு முடிவுகள் இப்படி முரண்படுவதற்கும் இதுவும் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி: வெள்ளணு நீக்கியதா, சேர்ந்ததா? மூட்டுக்குள் போட வெள்ளணு குறைந்ததையே பலரும் விரும்புகிறார்கள். வெள்ளணு அதிகமானால் வீக்கமும் வலியும் கூடும். மூன்றாவது: அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவீர்களா? முட்டிக்குக் கை அனுபவம் ஓரளவு போதும். தசைநாணுக்கும் இடுப்பு மூட்டுக்கும் பார்த்துத்தான் போட வேண்டும். நான்காவது: எத்தனை ஊசி, ஏன் அத்தனை? "மூன்று ஊசி பேக்கேஜ், இன்றே கட்டினால் தள்ளுபடி" என்பது மருத்துவக் காரணம் ஆகாது. ஒன்று போட்டு, பார்த்து, அப்புறம் அடுத்தது என்று கட்டுங்கள். ஊசி, கருவி, அல்ட்ராசவுண்ட், பயிற்சி என்று பில்லைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 6: ஊசிக்கு முந்தைய வாரம்

முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். தட்டணு மிகக் குறைவாக இருப்பவர்கள், காய்ச்சலோ எங்காவது கிருமித் தொற்றோ இருப்பவர்கள், ஊசி போடும் இடத்தில் தோல் புண் உள்ளவர்கள், ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் போடக் கூடாது. கர்ப்பிணிகள் தள்ளிப்போட வேண்டும். சமீபத்தில் டெங்கு வந்து தேறியவர்கள் எண்ணிக்கை நிலைப்படும்வரை காத்திருங்கள்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவை தட்டணுவின் வேலையைத் தடுக்கும். நம்மூரில் பல கூட்டு மாத்திரைகளில் இவை பாரசிட்டமாலோடு சேர்ந்தே வரும்; அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுங்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. முட்டி வலிக்காக இதயத்தைப் பணயம் வைக்க முடியாது. இதய டாக்டர் சொல்வதுதான் முடிவு.

படி 7: ஊசி போடும் நாள்

சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். நரம்பு எடுப்பாகத் தெரியும், மயக்கமும் வராது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள். திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டாம்.

கையில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்கும் திரவம் கலந்து, சுழற்றும் கருவியில் வைப்பார்கள். வெளியே எடுத்த குழாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடியில் அடர் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்மைப் படலம். தட்டணுக்கள் அந்தப் படலத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலே மிதக்கும் தெளிந்த பாகத்தை மட்டும் உறிஞ்சிப் போட்டால் தட்டணு மிகக் குறைவு. நல்ல இடங்களில் இரண்டாம் முறையும் சுழற்றி, மேல் பிளாஸ்மாவைக் களைந்து, அடியில் மிச்சமிருப்பதைச் சிரிஞ்சில் எடுப்பார்கள். குழாயில் உங்கள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டியில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை எடுப்பார்கள். மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து அதிகம் போட வேண்டாம் என்று பலர் தவிர்க்கிறார்கள். அது குருத்தெலும்புச் செல்லுக்கு நல்லதல்ல. தோலை மட்டும் மரக்கச் செய்வது சரி.

படி 8: முதல் இரண்டு வாரம்

முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடும். இதைக் கண்டு பயந்து வலி மாத்திரை போட்டுவிடாதீர்கள். பாரசிட்டமால் மட்டும் போதும். ஐஸ் ஒத்தடத்தை முதல் நாட்களில் சிலர் வேண்டாம் என்பார்கள், உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நடக்கலாம். படுத்தே கிடக்க வேண்டாம். கனம் தூக்குவது, ஓடுவது, குந்துவது மட்டும் கூடாது.

காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து சுட்டாலோ, மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். அபூர்வம்தான். ஆனாலும் "ஊசி போட்ட வலி, தானாகப் போகும்" என்று வீட்டில் சுக்கு பற்றுப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

ஒரு வாரம் தாண்டியதும் மூட்டை வலியில்லாத எல்லை வரை மடக்கி நீட்டுவதில் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் லேசான தசைப் பயிற்சிக்கு வர வேண்டும். தசைநாணில் போட்டிருந்தால் இன்னும் மெதுவாக. அங்கே புதிதாக வரும் நார்கள் எந்தப் பக்கம் இழுவிசை வருகிறதோ அந்தப் பக்கம் வரிசை கட்டுகின்றன. இழுவிசையே கொடுக்காமல் மாதக்கணக்கில் கட்டுப்போட்டு வைத்தால் அவை தாறுமாறாகக் கிடக்கும், பலமும் வராது. ஊசிக்குக் கொடுத்த காசு இந்த வாரங்களில்தான் வசூலாகும் அல்லது வீணாகும்.

படி 9: மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கணக்குப் பாருங்கள்

ஊசிக்கு முந்தைய நாளே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பத்துக்கு எத்தனை வலி, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி வேண்டுமா, இரவில் வலியால் விழிக்கிறீர்களா. பலன் பொதுவாக நான்காவது வாரத்திலிருந்து தெரியும். மூன்றாம் மாதம் அதே கேள்விகளுக்கு மறுபடி எழுதுங்கள். பத்தில் இரண்டு புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டும், செய்ய முடியாமல் இருந்த ஒரு வேலையையாவது செய்ய முடிய வேண்டும். அப்படியிருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். அடுத்த ஊசிக்கு அவசரமில்லை. மூன்றாம் மாதம் எதுவுமே மாறவில்லை என்றால் "இன்னும் ஒன்று போட்டால் பிடித்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். முதல் படிக்குத் திரும்பி, காயத்தின் பெயரே சரிதானா என்று வேறொரு டாக்டரிடம் கேளுங்கள். இடுப்பு மூட்டு வலியும் முதுகு நரம்பு வலியும் முட்டியில் தெரிவதுண்டு.

ஆறாம் மாதத்தில் வலி திரும்பியிருக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் 4-ம் நிலைக்குப் போய்விட்டது என்றால், ஊசியை விட்டுவிட்டு மூட்டு மாற்று பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. ஐம்பது வயதுக்குக் கீழே, முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கால் வளைந்திருப்பவர் என்றால், எலும்பை வெட்டி அச்சைத் திருத்தும் ஆபரேஷன் உண்டு. அது சொந்த மூட்டைப் பல வருடம் காப்பாற்றிக் கொடுக்கும். ஆலோசனைக்குப் போகும்போது அந்த நோட்டையும், நின்றபடி எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களையும், ஊசியின் பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதத்தில் மூட்டுக்குள் எந்த ஊசி போட்டிருந்தாலும் அறுவை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொற்று அபாயத்தைக் கருதி அவர் தேதியைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.